மூளைக் கட்டி ஆபரேஷனில் சிவப்பு ஒளியா, மஞ்சள் ஒளியா?

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 54 வயது, நாட்டுப்படகில் தொழில். வலை இழுத்துக்கொண்டிருந்தபோது வலது கையும் வாயும் வெட்டி இழுத்து, கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. ராமநாதபுரத்தில் சி.டி., மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையின் இடது முன்பக்கத்தில் கட்டி. வேகமாக வளரும் க்ளையோமா என்ற வகை மூளைக் கட்டியாக இருக்கலாம் என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள். "ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்தால் கட்டி மைக்ரோஸ்கோப்பில் சிவப்பாகத் தெரியும், ஆனால் விலை அதிகம். இல்லையென்றால் ஊசியில் மஞ்சள் சாயம் போட்டும் செய்யலாம்" என்றாராம் டாக்டர். தம்பி கேட்பது மூன்று: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கடன் வாங்கியாவது விலை கூடியதற்குப் போக வேண்டுமா? அந்த மருந்து குடித்தால் அப்புறம் வெயிலில் போகவே கூடாதாமே, அப்படியென்றால் கடல் தொழில் அவ்வளவுதானா?

கடைசிக் கேள்விக்குப் பதில் சின்னது, ஆனால் வீட்டில் எல்லாரையும் கலங்க வைத்திருப்பது அதுதான். வெயில் தடை ஒன்றிரண்டு நாளுக்குத்தான், ஆயுசுக்கும் இல்லை. கடலுக்குப் போவதில் தடை உண்டு. அதற்குக் காரணம் மருந்து அல்ல, ஃபிட்ஸ். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த ஒளி எதற்குத் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். க்ளையோமாவுக்கு ஓடு கிடையாது. கணவாய் தண்ணீரில் மையைப் பீய்ச்சினால் நடுவில் கறுப்பாகவும் ஓரம் போகப் போக வெளிறியும் போகுமே, அந்த மாதிரிதான் கட்டி மூளைக்குள் பரவியிருக்கும். நடுப்பகுதி சாம்பலும் மஞ்சளுமாக, நைந்து, வெறும் வெளிச்சத்திலேயே அடையாளம் தெரியும். ஓரம் தெரியாது. நல்ல மூளையும் கட்டி ஊடுருவிய மூளையும் மைக்ரோஸ்கோப்பின் வெள்ளை விளக்கில் ஒரே மாதிரி இருக்கும். சர்ஜன் "போதும்" என்று நிறுத்திய பிறகு எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் மிச்சம் தெரிவது இதனால்தான்.

எம்.ஆர்.ஐ. படத்தை வைத்து வழிகாட்டும் நேவிகேஷன் கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, மண்டையோட்டை எங்கே திறப்பது என்பதற்கு அது மிக நல்லது. ஆனால் எலும்பைத் திறந்து, மூளைநீர் வடிந்து, கட்டியில் பாதியை எடுத்த பிறகு மூளை இடம் மாறிவிடும், சில சமயம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேலே. கருவியோ காலையில் எடுத்த பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஜி.பி.எஸ்.ஸில் குறித்த இடம் அப்படியே இருக்க, போட்ட வலை நீரோட்டத்தில் நகர்ந்துவிடுவதை உங்கள் அப்பாவுக்கு விளக்கவே வேண்டாம். ஒளிரும் மருந்து கட்டிக்குள்ளேயே இருப்பதால் மூளை நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். அதன் பெரிய பலம் இது.

ஒளிர்வது என்றால் எரிவது அல்ல, தானாக வெளிச்சம் விடுவதும் அல்ல. மன்னார் வளைகுடாவில் பூங்கோரை என்ற கடல் நுண்ணுயிர் வந்த நாட்களில் இரவில் துடுப்புப் போட்டால் தண்ணீர் மின்னும். அது அந்த உயிர் தானே உண்டாக்கும் வெளிச்சம். இங்கே நடப்பது வேறு. கடையில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீல விளக்கின் கீழ் வைத்தால் உள்ளே இருக்கும் இழைகள் பளிச்சென்று தெரியும், விளக்கை அணைத்தால் ஒன்றும் இருக்காது. ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிற ஒளியாகத் திருப்பிக் கொடுப்பதுதான் இது. கதிரியக்கம் இல்லை, லேசர் சூடு இல்லை, மூளையை எதுவும் சுடுவதில்லை.

முதலில் குடிக்கும் மருந்து. பெயர் 5-அமினோலெவுலினிக் ஆசிட், சுருக்கமாக 5-ஏ.எல்.ஏ. ஐரோப்பாவில் க்ளியோலான் என்ற பெயரில் 2007-இல் அனுமதி பெற்றது, அமெரிக்காவில் 2017-இல். நம் உடம்பில் இயல்பாகவே இருக்கும் பொருள்தான் இது. ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீம் உருவாகும் தொடரில் ஆரம்பக் கண்ணி. இதை வெளியிலிருந்து அதிகமாகக் கொடுத்தால் செல்கள் அதை வரிசையாக மாற்றி, கடைசிக்கு முந்தின கட்டத்தில் புரோட்டோபார்ஃபிரின் என்ற பொருளாக ஆக்குகின்றன. நல்ல செல் அதில் இரும்பைச் சேர்த்து ஹீமாக முடித்துவிடும். வீரியம் மிகுந்த கட்டிச் செல்லில் அந்தக் கடைசி வேலை சரியாக நடக்காது, அதனால் புரோட்டோபார்ஃபிரின் அங்கே தேங்கிவிடும். அதன் மேல் 400 நானோமீட்டரை ஒட்டிய நீல-ஊதா ஒளி பட்டால், 635 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். ஆக, இந்தச் சிவப்பு கட்டிச் செல்லுக்குள்ளிருந்தே வருகிறது. மஞ்சள் சாயத்துக்கும் இதற்கும் அடிப்படை வித்தியாசம் இதுதான்.

அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு பாட்டிலில் 1.5 கிராம் பொடி இருக்கும். அதை 50 மில்லி குடிநீரில் கரைத்தால் ஒரு மில்லியில் 30 மில்லிகிராம். அப்பா 60 கிலோ என்றால் 1,200 மில்லிகிராம், அதாவது 40 மில்லி. 75 கிலோவுக்கு மேல் போனால் இரண்டாவது பாட்டிலை உடைக்க வேண்டும், செலவும் இரட்டிப்பாகும். அதனால் எடையை வாயால் கேட்டு எழுதாமல் மெஷினில் நிறுத்தச் சொல்லுங்கள். மயக்க மருந்துக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்பு, பெரும்பாலும் மூன்று மணி நேரம் முன்பு, குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் இருக்கச் சொன்ன பிறகும் இது மட்டும் விதிவிலக்கு. குடித்த பிறகு வாந்தி எடுத்தால் மறைக்காமல் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும், எத்தனை நிமிடம் கழித்து எடுத்தார் என்பதோடு. ஒளி உச்சத்துக்கு வர ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். ஆபரேஷன் 12 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் அன்றைக்குச் செய்யாமல் மறுநாளோ அதற்குப் பிறகோ வைத்து, திரும்ப ஒரு டோஸ் கொடுப்பதுதான் முறை. முந்தின கேஸ் இழுத்துவிட்டால் இந்த மருந்து வீணாகும் என்பதால், அன்றைய பட்டியலில் அப்பா முதல் கேஸா என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

தியேட்டரில் நடப்பது இப்படி. மண்டையோட்டைத் திறப்பது, மூளை உறையைப் பிரிப்பது, கட்டியின் நடுப்பகுதியை எடுப்பது எல்லாம் வெள்ளை ஒளியில். ஓரத்தை நெருங்கும்போது அறை விளக்குகளைக் குறைத்து, மைக்ரோஸ்கோப்பில் ஒரு பட்டனை அழுத்தி நீல ஒளிக்கு மாற்றுவார்கள். அந்த நொடியில் நல்ல மூளை கருநீலமாகப் பின்னால் போய்விடும். கட்டியின் கெட்டியான பகுதி கங்கு மாதிரி சிவந்து நிற்கும், ஊடுருவிய ஓரம் வெளிறிய ரோஜா நிறத்தில் மங்கலாகத் தெரியும். கங்குச் சிவப்பு இருக்குமிடத்தில் கட்டி இருப்பது ஏறக்குறைய உறுதி. ரோஜா நிறத்தில் கட்டியும் நல்ல மூளையும் கலந்திருக்கும். எங்கே நிறுத்துவது என்ற முடிவு அந்த ரோஜா நிறப் பட்டையில்தான் எடுக்கப்படுகிறது, மருந்தின் விலையை விட அந்த முடிவை எடுப்பவரின் அனுபவம் பெரிது.

இனி இது எங்கே ஏமாற்றும் என்பது. ரத்தம் நீல ஒளியை விழுங்கிவிடும். மெல்லிய ரத்தப் படலம் மூடியிருந்தாலே கீழே இருக்கும் சிவப்பு தெரியாது. அதனால் முதலில் ரத்தத்தை நிறுத்தி, கழுவி, பிறகுதான் பார்க்க வேண்டும். நீல ஒளியில் ரத்தக்கசிவே கறுப்பாகத் தெரிவதால் அந்த நிலையில் நீண்ட நேரம் வெட்டிக்கொண்டிருப்பதும் ஆபத்து. குழியின் விளிம்பு மடிந்து மேலே தொங்கினால் அதன் அடியில் இருப்பது ஒளிக்கு எட்டாது. ஆழமான குழியில் ஒளி குறைந்துவிடும். பார்த்துக்கொண்டே இருந்தால் நிறம் வெளுக்கும். தொடர்ந்து நீல ஒளி பட்டால் 25 நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது, வெள்ளை ஒளியில் அந்த அளவுக்கு மங்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதனால் வேலை நடக்காத பகுதியை ஈரப் பஞ்சால் மூடி வைப்பார்கள். கட்டியின் நடுவில் செத்துப்போன பகுதி ஒளிராது. மூளைநீர் அறைகளின் உட்சுவர் சில சமயம் கட்டி இல்லாமலே ஒளிரும். ஏற்கெனவே கதிர்வீச்சு எடுத்தவர்களில், கட்டி இல்லாத அழற்சிப் பகுதியும் ஒளிரலாம். மெதுவாக வளரும் கிரேடு 2 க்ளையோமாக்கள் பெரும்பாலும் ஒளிர்வதே இல்லை. ஸ்கேனில் கான்ட்ராஸ்ட் (படம் எடுக்க நரம்பில் ஏற்றும் மருந்து) பிடிக்காத கட்டி என்றால் இந்த மருந்துக்குச் செலவழிக்கும் முன் "ஒளிரும் என்று எதை வைத்து எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு ஆதாரம் என்ன? ஜெர்மனியில் வால்டர் ஸ்டும்மர் தலைமையில் 17 மையங்களில் நடந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. 270 பேரின் முடிவுகளை ஒப்பிட்டதில், 5-ஏ.எல்.ஏ. கொடுத்தவர்களில் 65 சதவீதம் பேருக்கு, எம்.ஆர்.ஐ.யில் கான்ட்ராஸ்ட் பிடித்த கட்டி முழுதும் அகற்றப்பட்டது. வெள்ளை ஒளியில் மட்டும் செய்தவர்களில் 36 சதவீதம்தான். ஆறு மாதம் நோய் வளராமல் இருந்தவர்கள் 5-ஏ.எல்.ஏ. குழுவில் 41 சதவீதம், வெள்ளை ஒளிக் குழுவில் 21 சதவீதம். இது பெரிய வித்தியாசம். அதே ஆய்வில் மொத்த ஆயுட்காலத்தில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த வகைக் கட்டியில் ஒளிரும் எல்லாவற்றையும் எடுத்தாலும் ஒளிராத செல்கள் அப்பால் இருக்கும். அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு, வழக்கமாக 30 தவணையில் 60 கிரே கதிர்வீச்சும் டெமோசோலோமைடு மாத்திரையும் வருகிறது. கையிருப்பு முழுவதையும் ஆபரேஷன் நாளிலேயே கரைத்துவிடாதீர்கள், கதிர்வீச்சு நடக்கும் ஆறு வாரம் மதுரையில் தங்கிச் சிகிச்சை எடுக்கவும் பணம் வேண்டும்.

அடுத்தது மஞ்சள் சாயம், ஃப்ளோரசீன் சோடியம். மூளைக் கட்டியைக் கண்டுபிடிக்க இதை மூர் என்ற அமெரிக்க மருத்துவர் 1940-களிலேயே பயன்படுத்தினார். நம் பக்கத்தில் சர்க்கரை நோயாளிகள் பலருக்கு இது பழக்கமான மருந்துதான். மதுரையில் அரவிந்த் போன்ற கண் ஆஸ்பத்திரிகளில் விழித்திரைப் படம் எடுக்கும் முன் கையில் போடும் மஞ்சள் ஊசி இதே. மலிவானது, எளிதில் கிடைப்பது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 60 கிலோவுக்கு 300 மில்லிகிராம், 20 சதவீத ஊசியில் வெறும் 1.5 மில்லி. மயக்கம் கொடுத்தவுடன் நரம்பில் போடுவார்கள். மைக்ரோஸ்கோப்பில் அதற்கென்று மஞ்சள் ஃபில்டர் இருந்தால் இந்தக் குறைந்த அளவு போதும். ஃபில்டர் இல்லாத இடங்களில் கிலோவுக்கு 15, 20 மில்லிகிராம் என்று கூட்டிக் கொடுத்து வெறும் கண்ணாலேயே பார்ப்பதும் உண்டு. அதனால் "எத்தனை மில்லிகிராம்" என்ற கேள்வியிலேயே ஃபில்டர் இருக்கிறதா இல்லையா என்பது வெளிப்பட்டுவிடும்.

இதன் பலவீனமும் அது வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. இது கட்டிச் செல்லுக்குள் போவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு கட்டியில் ஓட்டையாகி இருப்பதால் அங்கே கசிந்து தேங்குகிறது, அவ்வளவுதான். தடுப்பு உடைந்த இடமெல்லாம் மஞ்சளாகும், சர்ஜனின் கருவி பட்டுக் காயமான நல்ல மூளையும் சேர்த்து. மிகத் தாமதமாகப் போட்டால் சாயம் இன்னும் ரத்தக்குழாயிலேயே சுற்றிக்கொண்டிருக்க, எல்லாமே மஞ்சளாகத் தெரியும். ஆனால் ஒரு நல்ல வசதி: ஃபில்டர் போட்ட நிலையிலும் சுற்றியுள்ள மூளையும் ரத்தக்குழாயும் ஓரளவு இயல்பான நிறத்தில் தெரிவதால், ஒளியை மாற்றி மாற்றிப் பார்க்காமல் அப்படியே தொடர்ந்து வேலை செய்ய முடியும். இத்தாலியில் 46 பேரிடம் நடந்த ஆய்வில் 38 பேருக்கு முழு அகற்றம் கிடைத்தது. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் அதில் எதிரே ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. 5-ஏ.எல்.ஏ.வுக்கு இருப்பது போன்ற பலமான சான்று இதற்கு இல்லை என்பதே சரியான நிலவரம்.

ஊசி போட்ட பிறகு தோல் லேசாக மஞ்சளாகும், சிறுநீர் ஒரு நாள் முழுக்கப் பளீர் மஞ்சளாகப் போகும். காமாலை என்று பயந்துவிட வேண்டாம். அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம். ஆஸ்துமா இருந்தாலோ, முன்பு கண் ஆஸ்பத்திரியில் இந்த ஊசிக்கு அரிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தாலோ மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆக, கடன் வாங்கலாமா? என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நீல ஒளி மைக்ரோஸ்கோப்பும் அதில் பழகிய கையும் இருந்து, பணமும் சமாளிக்கக்கூடியது என்றால் 5-ஏ.எல்.ஏ. மேலானது. அதற்காக வீட்டை அடகு வைக்க வேண்டும் என்றால் தேவையில்லை. பழகிய சர்ஜன், மஞ்சள் ஃபில்டர், கூடவே கீழே சொல்லப்போகும் பாதுகாப்பு, இவை இருந்தால் மஞ்சள் ஊசியோடு செய்வது குறைந்த வைத்தியம் ஆகாது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால், மருந்து ஆபரேஷன் தொகைக்குள் வருமா, தனியாகக் கட்ட வேண்டுமா என்று காப்பீட்டு கவுண்டரில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அந்தப் பாதுகாப்பு ஏன் வேண்டும் என்றால், ஒளி கட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லுமே தவிர, அந்த இடத்தை எடுத்தால் பேச்சு போகுமா, கை போகுமா என்று சொல்லாது. அப்பாவுக்கு வலது கை இழுத்து, பேச்சு நின்றது என்றால் கட்டி அந்த மையங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிவப்பு தெரிகிறதே என்று கடைசி வரை போனால் ஸ்கேன் சுத்தமாக இருக்கும், ஆள் பேசமாட்டார். ஜெர்மனி ஆய்விலும், ஸ்டீராய்டு (மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) கொடுத்தும் குறைபாடு சரியாகாதவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு குறைபாடு கூடும் அபாயம் அதிகம் என்று தெரிந்தது. டெக்ஸாமெதசோன் என்ற அந்த ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு அப்பாவின் பேச்சு தெளிந்ததா, எத்தனை நாளில் என்று குறித்துவைத்துச் சொல்லுங்கள். வீக்கத்தால் வந்த குறையா, கட்டியே அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று சர்ஜன் அதிலிருந்து ஓரளவு கணிப்பார்.

கை கால் பாதையைக் காக்க, மயக்கத்திலேயே மெல்லிய மின்தூண்டல் கொடுத்து தசை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே வெட்டுவார்கள். பேச்சுக்கு மயக்கம் உதவாது, நடுவில் நோயாளியை விழிக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூளைக்கு வலி உணர்வு கிடையாது, மரப்பு ஊசி தோலுக்கும் உறைக்கும்தான். படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார்கள். இங்கே வீட்டார் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. முந்தின நாளே படங்களை அப்பாவிடம் காட்டி, அவர் எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று எழுதிக் கொடுங்கள். அட்டையின் பின்னால் "வஞ்சிரம்" என்று எழுதியிருக்கும், அவர் "சீலா" என்பார். கேட்பவர் வெளியூர்க்காரராக இருந்தால் தப்பு என்று குறித்துவிடலாம், இல்லை அவர் தயங்குவதைப் பேச்சு மையத்தின் கோளாறு என்று நினைத்து எடுக்க வேண்டியதை விட்டுவிடலாம். அவருடைய சொல்தான் அளவுகோல்.

இப்போது வெயில். 5-ஏ.எல்.ஏ. குடித்த பிறகு தோலிலும் கண்ணிலும் அதே பொருள் கொஞ்சம் தேங்குவதால், பலமான வெளிச்சம் பட்டால் வெயில் பட்டுச் சிவந்ததைப் போல எரியும். ஐரோப்பிய விதிப்படி 24 மணி நேரம், அமெரிக்க விதிப்படி 48 மணி நேரம் காக்க வேண்டும். இரண்டு நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் அவர் ஐ.சி.யூ.விலோ வார்டிலோதான் இருப்பார். ஜன்னலோரக் கட்டில் வேண்டாம். வராந்தா வழியாக ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது முகம், கை கால்களைத் துணியால் மூடுங்கள். சாதாரண அறை விளக்கு பரவாயில்லை. சாதாரண சன்ஸ்கிரீன் பூசி ஏமாந்துவிட வேண்டாம், அது புற ஊதாவைத் தடுக்கும், இங்கே தொல்லை கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து. டிஸ்சார்ஜ் ஆகிப் பாம்பன் பாலம் தாண்டும் நாளில் மருந்து உடம்பில் இருக்காது. கல்லீரல் எண்கள் சில நாள் ஏறி இறங்கலாம், அது எதிர்பார்த்ததே. போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்து கூடவே கூடாது.

காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின், சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், சல்ஃபா மாத்திரைகள் ஆகியவையும் வெளிச்ச எரிச்சலைக் கூட்டும். சமீபத்தில் உள்ளூரில் வாங்கிக் கொடுத்த மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்து, லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் அட்டை சொல்லிவிடும்.

ஆபரேஷன் முடிந்ததும் 72 மணி நேரத்துக்குள் கான்ட்ராஸ்ட் போட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்களா என்று பாருங்கள். அதற்குப் பிறகு எடுத்தால் காயத்தின் நிறமும் கட்டியின் நிறமும் குழம்பிவிடும். எவ்வளவு மிச்சம் என்பதற்கு மைக்ரோஸ்கோப் ஒளியைவிட அந்தப் படம்தான் சாட்சி.

கடல் விஷயம். ஃபிட்ஸ் மாத்திரை ஒரு வேளை விட்டாலும், இரவு முழுக்கத் தூங்காமல் வலையோடு கிடந்தாலும் மறுபடி வரலாம். கரையில் வந்தால் விழுவார், படகில் வந்தால் தண்ணீரில் விழுவார். நரம்பியல் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தனியாகப் படகில் போவது, முக்குளிப்பது, வின்ச் பக்கமும் இன்ஜின் பக்கமும் நிற்பது வேண்டாம். கரையில் வலை பழுது பார்ப்பது, ஏலத்துக்கு நிற்பது, இதிலெல்லாம் தடையில்லை. கதிர்வீச்சு நடக்கும் காலத்தில் தலைத்தோலில் வெயில் படாமல் துண்டு கட்டிக்கொண்டால் போதும்.

அப்பாவோடு படகில் போகிற எல்லாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், யாருக்கு வந்தாலும் உதவும். ஃபிட்ஸ் வந்தால் இன்ஜினை நிறுத்தி, ஆளை அணியத்திலிருந்து (படகின் முன்முனை) உள்ளே இழுத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ வலையை அறுத்துவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள். கரையை நெருங்கும்போதே 108-க்குப் போன் போட்டு, எந்தத் துறையில் இறங்குகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.